ஆச்சா? ஆச்சு!

மைத்துனன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பியது ஒரு திங்கட்கிழமை. வாசலில் டாக்சி உறுமிக்கொண்டிருந்தது.

"ஆறு மாசம் பொறுங்க மாமா. நான் போய்க் காலூணிக்கிட்டு உங்களையும் இழுத்துக்கிறேன். அதுவரைக்கும் சூப்பர்வைசரோட சண்டை போட்டு வேலையை விட்டுடாதீங்க. அனுபவச் சான்றிதழ் கேப்பாங்க."

"அவனோட சண்டையா? அவனைத் தேடிப் பிடிக்கறதுக்குள்ள கோபமே ஆறிடும்டா" என்றார் லிஃப்ட் மெக்கானிக். அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை; தம்பியின் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்டைப் பராமரிப்பதில் மாமனும் மைத்துனனும் வருஷக்கணக்கில் ஜோடி. மொட்டைமாடி இயந்திர அறையில் இருந்த சுவிட்ச் எப்போதோ கருகிப்போய், ஒயரை நேராக முறுக்கிவிட்டிருந்தார்கள். புதியது வரும் என்று சூப்பர்வைசர் சொன்னது கிணற்றில் போட்ட கல். ஆகவே கரண்டைக் கீழ்த்தளத்தில்தான் அணைக்க வேண்டும். யாரும் மறுபடி போட்டுவிடாதபடி, அணைத்த மெயின் சுவிட்சின் கைப்பிடியில் மாட்டச் சொல்லி கம்பெனி ஒரு சிவப்புப் பூட்டு கொடுத்திருந்தது. ஸ்பானர்கள் களவுபோகத் தொடங்கியதும் அது கருவிப்பெட்டிக்குக் குடிபோய்விட்டது. பூட்டு செய்ய வேண்டிய வேலையை அவர்களிடையே ஒரு சொல் செய்தது. கீழே அவன் அணைத்திருப்பான், மேலிருந்து இவர் "ஆச்சா?" என்பார், லிஃப்ட் குழிக்குள்ளிருந்து "ஆச்சு!" என்று அவன் குரல் ஏறி வரும்.

அவன் போனபின் இவர் துணைக்கு ஆள் கேட்டார்.

"கீழ வாட்ச்மேன் சும்மாதானே உக்காந்திருக்காரு? லிஃப்ட் என்ன உங்களைக் கடிச்சா தின்னுடும்?" என்றார் சூப்பர்வைசர்.

வாய்வரை வந்ததை மெக்கானிக் சான்றிதழை நினைத்து விழுங்கினார். வாட்ச்மேனிடம் கைப்பிடியைக் காட்டினார்.

"மேல போய்க் குரல் குடுக்கிறேன். உடனே இறக்கிடுங்க."

"இறக்கிட்டாப் போச்சு!"

மேலே போனதும் பழகிய நாக்கு பழையதையே சொன்னது: "ஆச்சா?"

மத்தியான நேரம். வாட்ச்மேன் அப்போதுதான் டிபன் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்திருந்தார். அந்த நேரத்தில் ஒரு மனுஷன் வேறு எதை விசாரிப்பான்?

"ஆச்சுங்க!" என்றார் மரியாதையாக.

மெக்கானிக் துணியைச் சுற்றி லிஃப்டைத் தூக்கும் கம்பிவடத்தைப் பிடித்துத் துடைக்கலானார். ஏதோ ஒரு தளத்தில் யாரோ பட்டனை அழுத்தினார்கள். கம்பிவடம் கையோடு சக்கரத்துக்குள் ஓடியது.

வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

"சாப்பாடு ஆச்சான்னு கேக்குறாருன்னு நெனச்சேம்மா" என்று ஆஸ்பத்திரியில் மெக்கானிக்கின் மனைவியிடம் சொல்லி வாட்ச்மேன் தலையில் அடித்துக்கொண்டார். கம்பெனி ஆட்கள் பூட்டு தொங்கும் கருவிப்பெட்டியைப் படம் எடுத்தார்கள். "குடுத்தோமே, ஏன் மாட்டலை?" என்று இவரைத்தான் கேட்டார்கள். அத்தோடு வேலையும் போயிற்று.

"தம்பிகிட்டச் சொல்லிடவா?" என்றாள் மனைவி.

"சொன்னா அங்க எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவான். ஒருத்தனாவது பிழைக்கட்டும்."

அதன்பின் அவன் வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் இந்த வீட்டில் நெட் சரியாக வரவில்லை.

ஆறு மாதம் என்றது இரண்டு வருடமாக இழுத்தது. ஒரு நாள் காலை அவள் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது போன் ஒலித்தது. தம்பியின் செய்தியை அவள்தான் எடுத்து வாசித்தாள்.

"மாமா! ஒருவழியா இங்க இடம் காலியாயிடுச்சு. உங்களை விட்டா ஆளே கிடையாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். பாஸ்போர்ட்டைப் போட்டோ எடுத்து உடனே அனுப்புங்க. மறுபடியும் நாமதான் ஜோடி."