இரண்டாவது டிஸ்க்

என் கணவர் இறந்து நான்காவது மாதம், அவருடைய கம்ப்யூட்டர் நின்றுபோனது. அதனுள்ளே இரண்டு டிஸ்க்குகள். ஒன்றில் விண்டோஸ், மற்றதில் அவர் குரல். பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வார். மயிலாப்பூரில் எங்கள் வீடு பஸ் போகும் தெருவில். சத்தம் வராமலிருக்க ஜன்னலையும் கதவையும் சாத்தி, ஃபேனையும் நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்க வாசிப்பார்.

அடையாறில் விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவி போன் செய்து, சார் வாசித்த வரலாற்றுப் பாடங்களில் மீதி கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். அதன் பிறகுதான் மேற்கு மாம்பலத்தில் கடை வைத்திருக்கும் மெக்கானிக்கை வரவழைத்தேன். விண்டோஸை மறுபடி போட வேண்டும் என்றார். எல்லாம் அழிந்துவிடுமா என்று கேட்டேன். அவர் பெட்டியைத் திறந்து, இரண்டாவது டிஸ்க்கின் ஒயர்களைக் கழற்றி, அதை என் கையில் கொடுத்தார்.

"போடும்போது ரெண்டு டிஸ்க்கும் வரிசையா காட்டும்மா. அவசரத்துல மாத்தி அழுத்திட்டா அவ்ளோதான். நான் முடிக்கிற வரைக்கும் இத்த நீங்களே வெச்சுக்கினு இருங்க."

மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மெக்கானிக்குக்குக் காபி போடக்கூட எழுந்திருக்கவில்லை.

வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரை அணைத்து, டிஸ்க்கைத் திரும்ப மாட்டினார். எல்லாம் அப்படியே இருந்தது. சரிபார்க்கக் கடைசிப் பதிவைத் திறந்தார். பாடத்தின் நடுவே என் கணவருக்கு இருமல். மன்னிப்புக் கேட்டுவிட்டு அந்தப் பத்தியைத் திரும்ப வாசிக்கிறார். மறுபடி இருமல். அதோடு பதிவு முடிந்துவிட்டது. தேதியைப் பார்த்தேன். இருமலுக்காக அவர் முதன்முதலாக டாக்டரிடம் போனதற்கு நான்கு மாதம் முந்தையது. பாடமெல்லாம் முடிந்துவிட்டது, இனி வாசிக்க வேண்டியதில்லை என்று அப்போது என்னிடம் சொன்னார்.

மெக்கானிக் பால்கனிக்குப் போய் நின்றார்.

மாணவிக்கு எல்லாப் பாடங்களையும் அனுப்பினேன். கடைசிப் பதிவில் இருமல் இருக்கிறது, பொறுத்துக்கொள் என்று போனில் சொன்னேன்.

"போன வருஷப் பாடத்துலயே இருமுவார் மேடம். நாங்க பேசிப்போம். உங்களுக்குத் தெரியும்னுதான் நெனச்சோம்."

தெரியாது என்று அவளிடம் சொல்லாமல், பரீட்சை எப்போது என்று கேட்டேன்.