பிரிக்காத பொட்டலம்

என் கதைகளில் வரும் அம்மன் நல்லவளா கெட்டவளா என்று கேட்காதவர்கள் குறைவு. தோழியாக வந்து ஒருத்திக்குத் தலைவாரிப் பூ வைப்பாள். அதே கையால் அவள் வாழ்க்கையை வேரோடு பிடுங்குவாள். "ஏங்க இப்படி?" என்று கேட்டால் சிரித்து மழுப்புவேன். உண்மையில் அது பழிவாங்கல். அவள் எனக்குச் செய்ததைத்தான் எழுதித் தீர்த்துக்கொண்டிருந்தேன்.

இருபத்து நான்கு வயதில் ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவரைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். வேறு சாதி. அப்பா தாம்தூமென்று குதித்துவிட்டு, கடைசியில், "ஆத்தா சரின்னா எனக்கும் சரி" என்றார். லால்குடிப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் பூக்கேட்கப் போனோம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் உத்தரவு.

மடித்துக் கொடுத்தது அக்கா. புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்து எங்களோடு இருந்தவள். நானும் அவரும் பேசிக்கொள்ளத் தன் போனையே கொடுத்தவள். அம்மன் காலடியில் வைத்த இரண்டில் ஒன்றை நான் எடுத்தேன். சிவப்பு. எடுக்காத பொட்டலத்தை எங்கள் வீட்டில் யாரும் பிரிப்பதில்லை. பிரித்தால் அம்மனைச் சந்தேகப்பட்டதாகிவிடும். அப்படியே வாய்க்காலில் விட்டோம்.

அவர் அடுத்த வருடமே வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வடக்கே போய்விட்டார். நான் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை.

போன மாதம் அக்கா என் புதுக் கதையைப் படித்து முடித்தாள்.

"ஆத்தாள இனிமே இப்படி எழுதாதடி. பாவம் அவ. ரெண்டுலயும் சிவப்புதான் வச்சேன்."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவள் முகம் அப்படி இல்லை.

"ஏன்க்கா?"

"நீயும் போயிட்டா எனக்கு யாருடி இருக்கா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கதைகளில் தலைவாரிவிடும் கை, தட்டில் கறிவேப்பிலையை ஒதுக்கித் தரும் கை எல்லாம் அக்காவுடையவை. தோழமைக்கு அவளைப் பார்த்து எழுதினேன். அழிக்கிற பாதியை மட்டும் சாமியிடமிருந்து எடுத்ததாக நம்பியிருந்தேன். செய்யாத குற்றத்துக்கு அம்மனை எத்தனை பக்கம் திட்டியிருக்கிறேன்!

அன்று சிவப்பைப் பார்த்ததும் கோயில் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். அக்கா என்னைவிட அதிகமாக அழுதாள். "விடுடி, நான் இருக்கேன்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இத்தனை வருடமும் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் உயிரோடு இருந்தேன்.