சிவப்பு நூல்

நெடுந்தீவுப் படகில் என் பக்கத்தில் மீன் விற்கும் அக்கா ஒருவர் இருந்தார். மணிக்கட்டில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. பேசிக்கொண்டே அதை அறுத்துத் தன் பெட்டிகளில் முடிச்சுப் போட்டார். நான் கொழும்பிலிருந்து வந்த வழியில் வீட்டுக்கும் போய்விட்டுப் பல்கலைக்கழகம் திரும்பிக்கொண்டிருந்தேன். ஆய்வுக்காக ஒரு வருடம் காத்திருந்து கொழும்பில் வாங்கிய இரண்டு சிறு குப்பிகள் மடியிலிருந்த ஐஸ் பெட்டிக்குள் இருந்தன.

“என்ன மீன் தம்பி?”

“மீன் இல்லை அக்கா. செயற்கையாச் செய்த புரதத் துண்டு. ரெண்டும் ஒண்டுதான், ஒண்டில மட்டும் பொஸ்பேற் ஒட்டியிருக்கு. உடம்பில கைனேஸ் எண்ட நொதியம் புரதங்களில போடுற குறி அது. அந்தக் குறியைக் கண்டுபிடிக்க இந்த ரெண்டோடதான் ஒப்பிட்டுப் பாக்கிறது.”

“பாத்தா வித்தியாசம் தெரியுமோ?”

“தெரியாது. வெளியில பேனையால எழுதியிருக்கு.”

“உள்ளுக்கை குறி போடத் தெரிஞ்ச உமக்கு வெளியில போடத் தெரியேல்லை. ஐஸ் தண்ணியில மை நிக்காது. அதுக்குத்தான் நான் நூல் கட்டுறனான். எது குறி போட்டது?”

காட்டினேன். அதன் கழுத்தில் நூலைக் கட்டிவிட்டார்.

ஆய்வுகூடத்தில் பெட்டியைத் திறந்தபோது இரண்டிலும் எழுத்துக் கரைந்துபோயிருந்தது; ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல் மட்டும் அப்படியே இருந்தது. குப்பிகள் மாறியிருந்தால் என் முடிவுகள் எல்லாம் பிழையாகியிருக்கும்.

இப்போது ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தை எழுதுகிறேன். பேராசிரியர்களின் பெயர்கள் வந்துவிட்டன. அந்த அக்காவின் பெயரைக் கேட்காமலே படகால் இறங்கிவிட்டேன். அவருக்குரிய வரி இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.