அந்த நோட்டு இல்லை என்றேன்

போன வருடம் புரட்டாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரகடத்தை ஒட்டிய ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் நான் நர்ஸ். பதினான்கு வருடமாக அங்கே முதலுதவி அறை என் பொறுப்பில் இருக்கிறது. இரண்டு கட்டில், ஒரு இரும்பு பீரோ, பி.பி. பார்க்கும் மெஷின், ஒரு நோட்டு. தலைவலி என்று யார் வந்தாலும் பெயர், உபாதை, மாத்திரை எல்லாம் நோட்டில் எழுதி, வாங்குபவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மாத்திரையைக் கையில் கொடுப்பேன். சூப்பர்வைசரே வந்தாலும் அப்படித்தான். "ஆஸ்பத்திரியா, ரிஜிஸ்டர் ஆபீஸா" என்று முதுகுக்குப் பின்னால் கேலி பேசுவார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

அன்று காலை பத்தரை மணி இருக்கும். கேட்டிலிருந்து செக்யூரிட்டி போன் செய்தார். முன்பு லைனில் வேலை பார்த்த பெண் ஒருத்தி உங்களைப் பார்க்க வந்திருக்கிறாள், கூட ஒரு பையன் இருக்கிறான், உள்ளே விட முடியாது, நீங்கள் வந்துவிடுங்கள் என்றார்.

பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. ஏழு வருடத்துக்கு முன்னால் எங்களிடம் கான்ட்ராக்டில் வயரிங் லைனில் நின்றவள். அப்போது அவளுக்கு ஐந்து மாதம். ஒருநாள் உடம்பு அனலாய்க் கொதிக்க, நடுங்கிக்கொண்டே என் அறைக்கு வந்தாள். நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். எங்கள் கம்பெனி டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவார். போனில் கேட்டேன். பாராசிட்டமால் கொடுங்கள், முதலில் காய்ச்சல் இறங்கட்டும் என்றார். கொடுத்தேன். அடுத்த மாதத்தில் இரண்டு தடவை முதுகுவலி என்று வந்தபோது டாக்டரைக் கேட்காமல் நானே அதே மாத்திரையைக் கொடுத்தேன். கேட்கும் அளவுக்குப் பெரிய விஷயமாக அது தோன்றவில்லை. மூன்று தடவையும் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். பிரசவத்துக்குப் போனவள் பிறகு வேலைக்கு வரவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

இப்போது அந்தப் பிள்ளை அவள் பக்கத்தில் நின்றான். கேட்டின் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டிக்கொண்டே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். வாயில் ஒரே மாதிரியான முனகல். உள்ளே வந்த லாரி ஹாரன் அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனைத் தூக்கி நிறுத்தியபடியே அவள் பேசினாள். இன்னும் பேச்சு வரவில்லை, ஆட்டிசம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றாள்.

அந்த நாட்களில் எல்லோர் போனிலும் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. கர்ப்ப காலத்தில் சாப்பிட்ட வலி மாத்திரையால்தான் பிள்ளைகளுக்கு இப்படி ஆனது என்று அமெரிக்காவில் நிறையப் பெற்றோர் வழக்குப் போட்டிருக்கிறார்களாம். அதை அவள் நாத்தனார் குன்றத்தூரில் மாமியார் வீட்டில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறாள். ஓவர்டைம் பார்க்கும் ஆசையில் மாத்திரையை முழுங்கிவிட்டு நின்றாள், பிள்ளையைக் கெடுத்துவிட்டாள் என்று பேச்சு கிளம்பியிருக்கிறது. புருஷனும் அதையே சொல்ல ஆரம்பித்துவிட்டான். இவள் ஒருத்திதான் காய்ச்சலுக்குத்தான் சாப்பிட்டேன், அதனால் இல்லவே இல்லை என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

இதையெல்லாம் அவள் வரிசையாகத்தான் சொன்னாள். என் காதில் விழுந்தது 'கேஸ்' என்ற ஒரு சொல் மட்டும்தான். மூன்று தடவை கொடுத்ததில் இரண்டு தடவை டாக்டரைக் கேட்கவில்லை. நோட்டில் அவள் கையெழுத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்து இருக்கிறது. விஷயம் ஹெச்.ஆருக்குப் போனால் என் வேலை என்னாவது என்றுதான் என் புத்தி ஓடியது.

அவள் கேட்டது ரொம்பச் சின்ன உதவி. "வூட்டாண்ட வந்து ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க சிஸ்டர். ஜுரத்துக்குத்தான் குடுத்தேன், டாக்டர கேட்டுகினுதான் குடுத்தேன்னு. இல்லன்னா அந்த நோட்ட ஒரு போட்டோ எடுத்துக்கினு போறேன். அதுல என் கையெழுத்து கீது."

"தினம் எத்தனையோ பேர் வராங்க. எனக்கு எப்படிம்மா ஞாபகம் இருக்கும்? பழைய நோட்டெல்லாம் இப்ப இல்ல" என்றேன்.

அவள் நம்பாமல் என்னையே பார்த்தாள். மாத்திரை கொடுத்ததுகூடவா ஞாபகம் இல்லை என்று மெதுவாகக் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். பையனை இழுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்காக ரோட்டோரம் போய் நின்றாள்.

நோட்டு இருந்தது. பீரோவின் கீழ்த்தட்டில், பஞ்சுக் கட்டுகளுக்கு அடியில். சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்துப் பார்த்தேன். மூன்று இடத்திலும் பள்ளிக்கூடப் பிள்ளை போல அவள் கையெழுத்து. இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன். கிழித்துப் போடவில்லையே, அந்த மட்டும் நல்லவள்தான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் வெட்கத்தை விட்டு இங்கே சொல்லிவிடுகிறேன்.

மூன்று வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் டாக்டர் வந்தபோது, யாருக்கோ நடந்தது போல விஷயத்தை எடுத்தேன். அவர் நிதானமாகச் சொன்னார். அந்த மாத்திரைதான் காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை, காய்ச்சலை அப்படியே விட்டிருந்தால்தான் வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல், கொடுத்தது சரிதான், யாராவது பயந்துபோயிருந்தால் என்னிடம் அனுப்புங்கள் என்றார். இரண்டு நிமிடப் பேச்சு. மனசு லேசானது. உடனேயே உடம்பெல்லாம் கூசியது. இந்த இரண்டு நிமிடத்தை அன்றைக்கே அவளுக்காகக் கேட்டிருக்கலாம்.

நோட்டின் பக்கங்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். அவளோடு வேலை பார்த்த பெண் ஒருத்தி, அவள் இப்போது குன்றத்தூரில் இல்லை, மறைமலை நகரில் தனியாக ஒரு ரூமில் இருக்கிறாள் என்று வழி சொன்னாள். ஒரு ஹாஸ்டல் சமையற்கட்டில் காய் நறுக்கும் வேலை. பையனைக் கூட வைத்துக்கொள்ள விடுகிறார்கள் என்பதால் அதற்குப் போகிறாளாம்.

என்னைப் பார்த்ததும் கோபப்படவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். நோட்டு இருக்கிறது, அன்று பொய் சொன்னேன், டாக்டர் இப்படிச் சொன்னார், உன்மேல் ஒரு தப்பும் இல்லை என்று. அவள் போட்டோவைப் பெரிதாக்கித் தன் கையெழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நீங்க ஞாபகம் இல்லன்னப்பவே எனக்குத் தெரிஞ்சிபோச்சி சிஸ்டர். அந்த மாத்திரைல ஒண்ணும் இல்லன்னா, நீங்க இன்னாத்துக்கு மறைக்கணும்?"

பிறகு நடந்ததை அவளே சொன்னாள். அன்று கேட்டிலிருந்து போனவள், ஆட்டோவில் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு போயிருக்கிறாள். வீட்டுக்குப் போய் முதல் தடவையாகச் சண்டையை நிறுத்தியிருக்கிறாள். ஆமாம், நான்தான் மாத்திரை சாப்பிட்டேன், என்னால்தான் பிள்ளை இப்படி ஆனான் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டாளாம். ஒரு வாரத்தில் புருஷன் அவளையும் பையனையும் இரண்டு பையோடு இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டான். வேலை போய்விடும் என்ற பயத்தில்தான் மறைத்தேன், வேறு காரணமே இல்லை என்று அழுதேன். "படிச்ச நீங்களே பயந்துட்டீங்களே" என்றாள். அவள் அழவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. அடுத்த வாரமே குன்றத்தூருக்குப் போய் அவள் புருஷனிடம் நோட்டுப் பக்கங்களின் போட்டோவைக் காட்டினேன். அவன் அதைத் தொடக்கூட இல்லை. "அவளே ஒத்துக்கினா. நீங்க யாரு நடுவுல?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டான். அவளை டாக்டரிடமும் அழைத்துப் போனேன். அரை மணி நேரம் பொறுமையாகப் பேசினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்ததும், டாக்டர் நல்லபடியாகத்தான் சொல்கிறார், ஆனால் மனசு கேட்கவில்லை என்றாள். பையன் அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

இப்போதும் மாதத்தில் ஒரு ஞாயிறு போய்ப் பார்க்கிறேன். பையனைத் தெரப்பிக்குக் கூட்டிப் போய் வருகிறேன். என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறாள். அந்தப் பேச்சை மட்டும் எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள நான் சொன்ன ஒரு பொய்யை அவள் தன்மேல் எழுதப்பட்ட தீர்ப்பாக எடுத்துக்கொண்டுவிட்டாள். அதற்குப் பிறகு நான் சொல்லும் உண்மை எதுவும் அவள் காதில் ஏறுவதே இல்லை.