பூந்தொட்டிப் புறாவும் காப்பார் சம்பந்தியும்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு புறாவைக் கைலியால் மூடி மறைத்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள்... ஒரு கல்யாணமே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது!

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் எனக்குப் பக்கத்து வீடு ஸ்டெல்லா. அவள் மகள் அனிதாவைப் பெண் கேட்டு அன்று காப்பார் என்கிற ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். காதல்தான். பையன் இந்து, பெண் கத்தோலிக்கர். பையனின் அம்மா கமலா அரை மனதாகத்தான் கிளம்பியிருக்கிறார். சகுனம் பார்க்கிறவர் வேறு. பூனை குறுக்கே போனால் காரைத் திருப்பச் சொல்வாராம்!

இந்த நேரம் பார்த்து ஸ்டெல்லா வீட்டு வாசல் கிரில்லில் தொங்கும் பூந்தொட்டியில் ஒரு புறா கூடு கட்டி, முட்டையும் இட்டு, ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. புறா கூடு கட்டினால் அந்த வீடு பாழ் என்று நம்மில் பலர் சொல்வது உங்களுக்குத் தெரியாதா என்ன?

“தொட்டியோட தூக்கி வேற எடத்துல வச்சிடலாமே?” என்றேன்.

“முட்டைய விட்டுட்டுப் பறந்து போயிடும்டி. அதோட, பரிசுத்த ஆவியே புறா மாதிரிதான் வந்தாரு. நான் எப்படி வெரட்டுவேன்?”

“அது வெள்ளைப் புறா. இது பழுப்பா இருக்கே?”

“கலர் பாத்தா ஆண்டவர் கோவிச்சுக்குவாரு லா!”

எதிர்வீட்டு மலாய்க்காரப் பெரியவரோ, மெர்போக் என்கிற குட்டிப் புறாவைக் கூண்டில் வளர்க்கிறார். அது கூவினால் வீட்டுக்கு அதிர்ஷ்டமாம். ஒரே மாடியில் ஒருவருக்குத் தெய்வம், ஒருவருக்கு அதிர்ஷ்டம், வரப்போகும் சம்பந்திக்கு அபசகுனம்! புறாவுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? அதன் கவலையெல்லாம் முட்டை மேல்தான்.

துணி காயப் போட்டதுபோல் கைலியைத் தொட்டிக்கு முன்னால் தொங்கவிட்டோம். வந்தார்கள். உட்கார்ந்தார்கள். அனிதா தேநீரும் கறிபாப் பலகாரமும் கொண்டுவந்தாள். கமலா ஆன்டி இறுக்கமான முகத்தோடு ஒன்றைக் கடித்தார்... பிறகு தானே இன்னொன்றை எடுத்தார். ஸ்டெல்லா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

“தெக்குக்... கூர்ர்ர்!”

கைலிக்குப் பின்னாலிருந்துதான்.

“என்ன சத்தம் அது?” என்றார் ஆன்டி.

“எதிர்வீட்டு மெர்போக், ஆன்டி!” கூசாமல் புளுகினேன்.

அதுவரை தேநீரிலேயே கவனமாக இருந்த மாப்பிள்ளையின் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “மெர்போக்கா? நான் மெர்போக் வளத்து, கூவுற போட்டிக்கெல்லாம் கொண்டு போற ஆளும்மா. அது இப்படிக் கூவாது. இது தெக்குக்கூர்ங்கிற புறா!”

தப்பான ஆளிடம் மாட்டிக்கொண்டேன். அவர் நேரே போய்க் கைலியைத் தூக்கினார். புறா எங்கள் எல்லோரையும் ஒரு முறை முறைத்தது.

“வாசல்லயே புறாக் கூடா?” கமலா ஆன்டி எழுந்துவிட்டார். அனிதாவின் கண் கலங்கிவிட்டது. பையன் தரையைப் பார்த்தான். ஸ்டெல்லாவின் கை கழுத்துச் சிலுவைக்குப் போனது.

“உக்காரு கமலா,” என்றார் அங்கிள் நிதானமாக. “மாடப்புறா கட்டினாத்தான் ஆகாது. இது புள்ளிப்புறா. கழுத்தப் பாரு, முத்துமாலை போட்ட மாதிரி இல்ல? இது ஜோடியா வந்து கட்டினா கல்யாண யோகம்.”

ஆன்டி புறாவைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். அனிதாவை ரொம்ப நேரம் பார்த்தார்.

“அப்படியா? அப்ப சரி,” என்று உட்கார்ந்தவர், “ஆனா நிச்சயத்துக்கு இங்க கூட்டம் சேந்தா அது பாவம், பயந்துடும். எங்க வீட்லயே வச்சுக்குவோம்,” என்றாரே பார்க்கலாம்! ஸ்டெல்லா ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கென்ன.

நாம் அப்படித்தான். வேண்டாம் என்றால் தும்மல்கூடத் தடை. மனதுக்குப் பிடித்துவிட்டால், சகுனத்திலும் ஒரு சந்து கண்டுபிடித்துப் புகுந்துவிடுகிறோம்.

எல்லோரும் கிளம்பும்போது லிப்ட் அருகே அங்கிளை ஓரங்கட்டினேன். “நெஜமாவே மாடப்புறாவுக்கு மட்டும்தானா அங்கிள்?”

மனைவி பார்க்கிறாரா என்று அவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார். “யாருக்கும்மா தெரியும்? பையனுக்குப் பொண்ணப் புடிச்சிருக்கு. எனக்குப் புறாவப் புடிச்சிருக்கு!”