பதினோராவது தாள்

பதுளையில் வக்கீல் ஒருவரின் அறையில்தான் அந்த ஓய்வுபெற்ற தாதியைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக் குறிப்புகளைப் படித்து, எங்கே தவறு நடந்தது என்று வழக்குக்கு எழுதிக்கொடுப்பது அவர் தொழில். கட்டணம், தாளுக்கு இவ்வளவு என்று கணக்கு. விரலை எச்சில் தொட்டு, கடைக்காரர் நோட்டு எண்ணுவதுபோல் தாள்களை எண்ணிவிட்டுத்தான் படிக்கவே தொடங்குவார்.

கொஸ்லந்தத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கையில் காலில் பட்ட காயம், ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அழுகி, அந்தக் காலையே இழந்த என் அக்கா நடந்ததைச் சொல்லி அழுதாள்.

"அழுவாதம்மா. தாள்ல இருக்கறதுக்குத்தான் நான் காசு வாங்குறேன்."

அக்காவின் குறிப்புகளில் பதினோராவது தாளில் அவர் விரல் நின்றது.

"காயம் கறுத்துருச்சுன்னு எழுதியிருக்கு. ஆனா டாக்டர கூப்புடல. தப்பு இங்கதான்."

"யாரு எழுதுனதுங்க, மிஸ்ஸி?" என்று தாதியைக் கேட்டேன்.

"நான்தான். அப்ப அந்த வார்டுல இருந்தேன்" என்றார், சாதாரணமாக.

அந்தத் தாளுக்கும் சேர்த்தே காசு வாங்கினார்.