விதை மல்லாட்டையும் குவைத்து மாமாவும்

குவைத்திலிருந்து லீவில் வந்த மாமாவுக்கு எங்கள் ஊர் வெயில் ஒரு பொருட்டே இல்லை. அம்மாவின் தம்பி அவர். ஆறு வருடம் கழித்து வந்திருந்தார். சித்திரையில் திண்டிவனமே காய்ந்துகொண்டிருக்க, "இதெல்லாம் ஒரு வெயிலா அக்கா? அங்க வந்து பாரு" என்பார். மழை என்று பேச்செடுத்தால், வருடத்தில் நாலு நாள் தூறினாலே அங்கே அதிசயம் என்பார். எட்டு வயதுக்காரியான எனக்கு எரிச்சலாக வரும். அங்கே வெயில் அதிகம் என்றால் அது என்ன, இவர் சம்பாதித்த சொத்தா?

ஓமந்தூருக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் விதை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காய்ந்துகொண்டிருந்தது. ஆடியில் விதைக்க அப்பா ஒதுக்கியது. நல்ல காயாகப் பொறுக்கியதில் பாதி என் வேலை; பள்ளி விடுமுறை முழுக்க அதில்தான் போயிற்று. அன்று விக்கிரவாண்டியில் ஒரு காதுகுத்து என்று அப்பாவும் அம்மாவும் கிளம்பினார்கள். "மேக்கால கறுத்தா ஜல்தியா வாரி உள்ள கொட்டிடு தம்பி. நனைஞ்சா விதைக்கு ஆவாது" என்று மாமாவிடம் சொல்லிவிட்டுத்தான் அம்மா போனாள்.

மூன்று மணிக்கு மேற்கே கறுத்தது. காற்று செம்மண் புழுதியை அள்ளி வாசலில் வீசியது. நான் கூடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். மாமா என்னைக் குண்டுக்கட்டாகத் தூக்கி வீட்டுக்குள் கொண்டுபோய், கதவைத் தாழிட்டார். ஜன்னல்களையும் சாத்தினார். தோளில் கிடந்த துண்டைக் குடத்தில் முக்கினார்.

"மழை மாமா, மல்லாட்டை நனைஞ்சிடும்" என்று கத்தினேன்.

"மண்ணு வருது பாப்பா, வாயத் தொறக்காத" என்றபடி ஈரத் துண்டை என் மூக்கோடு வாயோடு அழுத்தினார். அந்தக் கையைக் கடித்தேன். அப்போதும் எடுக்கவில்லை. ஓட்டின் மேல் மழை சடசடவென்று விழுந்த பிறகுதான் கை தளர்ந்தது. கதவைத் திறந்தபோது வாசல் தண்ணீரில் மல்லாட்டை மிதந்தது.

"ஏன் மச்சான், மழை வர்றது கூடவா தெரியல? கதவ சாத்திக்கினு உள்ள குந்திக்கினு இருந்தியா?" என்றார் சாயங்காலம் திரும்பி வந்த அப்பா. மாமா என் பல் பட்ட இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பூசணம் பிடித்த விதையை நாலாம் நாள் குப்பையில் கொட்டினோம். நான் அவரோடு பேச்சை நிறுத்தினேன். குவைத்துக்குக் கிளம்பும்போது அவர் நீட்டிய சாக்லேட்டைத் தரையில் போட்டு மிதித்தேன். நான் கத்துவது பிடிக்காமல் வாயைப் பொத்திய ஆள் என்றே பல வருடம் நினைத்திருந்தேன்.

போன வருடம் குவைத்திலிருந்து மாமா ஒரு வீடியோ அனுப்பினார். பட்டப்பகலில் வானம் கறுக்கிறது. மாடி வீட்டை விட உயரமாக மண் எழுந்து வருகிறது. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஈரத் துண்டால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு ஓடுகிறார்கள். கதவைச் சாத்திய பிறகும் உள்ளே இருமல் ஓயவில்லை.

விதை போன கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் அன்று மாமாவிடம் இருந்தது ஒரே ஒரு துண்டு. அதை என் முகத்தில் வைத்துவிட்டு, தன் முகத்தை வெறுமனே விட்டிருந்தார். நான் அந்தக் கையைத்தான் கடித்தேன்.